அபய தானம்: பெருந்தொற்றுக் காலம் கற்பித்த பாடம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெருந்தொற்றுக் காலத்து அன்றாட வாழ்வைப் பற்றி என் எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ளுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நோய் தணிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்நாட்களை மறந்துவிடுவது எளிது. ஆனால், மறத்தல் நன்றன்று என்னும் எண்ணத்தால் இப்பணியை ஏற்றேன்.

2020 ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 6 ஆம் நாள் மகாவீரர் ஜெயந்தி. ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. சென்னையில் எங்கள் வீட்டுப் பூசையறையில் நானும் என் துணைவியாரும் மட்டும் விளக்கேற்றி வழிபட்டோம். வந்தவாசிக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குச் செல்லவும் இ-பாஸ் வேண்டியிருந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் மறைந்தார். இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. எனவே கைப்பேசித் திரையில் அவருக்கு விடை கொடுத்தோம்.

அந்நாட்களில் நம்மவர் பலர் ஒரு செய்தியைப் பெருமையுடன் பகிர்ந்துகொண்டனர். நீரை வடிகட்டிக் காய்ச்சி அருந்துவதும், பொழுது சாயுமுன் உண்பதும், தூய்மை பேணுவதும் நமக்குப் புதியன அல்ல. உலகம் இன்று கற்பதை நம் முன்னோர் என்றோ கற்றனர் என்பதே அச்செய்தி. அது பொய்யன்று. ஆனால், நம் முன்னோர் நீரை வடிகட்டியது தம் உடல்நலம் ஒன்றையே கருதியா? அந்நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தம்மால் துன்பம் நேரலாகாது என்பதற்காக அல்லவா? முகக்கவசமும் அத்தகையதே. அணிந்தவரைக் காப்பதோடு, அவருடைய மூச்சிலிருந்து எதிரில் நிற்பவரையும் காப்பது அது. தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சத்தால் அணிந்தால் அது வெறும் துணி. பிறர்க்குத் தீங்கு நேரலாகாது என்று அணிந்தால் அது விரதம்.

இந்த வேறுபாட்டை நாம் மறந்தபோது நோயினும் கொடியதாக அச்சம் பரவியது. நகரங்களில் முழு ஊரடங்கு வருகிறது என்று அறிவித்தவுடன், அதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 25 அன்று சென்னைக் கடைத்தெருக்களில் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். எதற்கு அஞ்சினோமோ அதனிடமே நம்மை அச்சம் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குச் சில நாட்கள் முன்பு, நோயுற்றோர்க்குச் சிகிச்சை அளிக்கும் தொழிலில் இருந்த மருத்துவர் ஒருவர் தொற்றால் உயிர்நீத்தார். அவர் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயமுற்றனர். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து நண்பரை அடக்கம் செய்தார். இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என்று தமிழக அரசு அவசரச் சட்டமே பிறப்பிக்க நேர்ந்தது. கல்லெறிந்தவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். அச்சமே இம்சையின் வாயில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் காவல் துறையினரால் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்த நிலையில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மாநிலமெங்கும் வணிகர்கள் கடையடைத்துத் தம் வேதனையைத் தெரிவித்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரித்தது. சிறு கடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. நோய்க்கு அஞ்சிய மக்கள், தம்மைக் காக்க வேண்டியவர்க்கும் அஞ்சி வாழ நேர்ந்த நாட்கள் அவை.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். எதிர்வீட்டில் ஓர் இளம்பெண்ணும் அவர் கணவரும் தொற்றுக்கு ஆளாயினர். வாயிலில் தகரம் அடித்து, கதவில் அறிவிப்பும் ஒட்டினர். அன்றே தெருவில் அவ்வீட்டை நோக்கிய சன்னல்கள் யாவும் சாத்தப்பட்டன. என் துணைவியார் மட்டும் நாள்தோறும் காலையில் எங்கள் சன்னலைத் திறந்து, “சாப்பிட்டாயா அம்மா? காய்ச்சல் எப்படி இருக்கிறது?” என்று உரக்கக் கேட்பார். பாலும் காய்கறியும் பையிலிட்டு அவ்வீட்டு வாயிலருகே வைத்துவருவோம். குணமடைந்தபின் அப்பெண் சொன்னார்: “நீங்கள் தந்த பால் பெரிதுதான் அம்மா. ஆனால் அந்தச் சன்னல் திறந்திருந்ததே, அதைப் பார்த்துத்தான் நான் பிழைத்துவிடுவேன் என்று நம்பினேன்.”

அன்பர்களே, தானங்களை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். அன்னதானம் செய்கிறோம், மருத்துவ முகாம் நடத்துகிறோம், நூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். இவற்றுக்குப் பொருள் வேண்டும். நான்காவதற்குப் பொருள் வேண்டா, மனம் வேண்டும். என்னால் உனக்குத் தீங்கு நேராது, உன்னைக் கைவிடவும் மாட்டேன் என்று பிற உயிர்க்கு உறுதி அளிப்பதே அபய தானம். எறும்புக்கும் புழுவுக்கும் அவ்வுறுதியை அளிக்கப் பழகிய நாம், இருமுகின்ற அண்டை வீட்டாருக்கும் அளித்தோமா என்பதே அந்தக் காலம் நம்முன் வைத்த வினா.

இனியொரு நோய் வரலாம், கலகமும் வரலாம். அந்நாளில் வதந்தியை அடுத்தவர்க்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்திக்கொள்வது அபய தானம். ஒரு சாதியையோ சமயத்தையோ ஊரையோ நோய்க்குக் காரணமெனப் பழித்துப் பேசும் இடத்தில், அது தவறு என்று அமைதியாகச் சொல்வது அபய தானம். தனித்து வாழும் முதியவரை நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும் அபய தானமே. நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு மற்ற மூன்று தானங்களைக் கற்பிப்பதுபோல் இதனையும் கற்பிப்போமாக.