பனிமலையில் ஓர் ஆற்றுப்படை

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பேசிவரும் இவ்வட்டத்தின் விழா நாளில், மலையேற்றம் பற்றிப் பேச ஒருத்தி வந்து நிற்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் தமிழ்ப் பாவலர்க்கு மலை புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலைவழி நடந்து வந்த கூத்தன் ஒருவன் அவ்வழி செல்லவிருக்கும் மற்றொரு கூத்தனை ஆற்றுப்படுத்தும் பாட்டு. நன்னனின் கொடையை மட்டும் சொல்லி அவன் அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், பாசி படிந்து கால் வழுக்கும் இடம், அங்கே பற்றிக்கொள்ள வேண்டிய மூங்கிற்கோல் என வழியின் இடர்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். இப்பகுதியைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ, ஸ்காட்லாந்தின் வடபுலத்தில் ஒரு பயிற்றுநரின் பின்னே பனியில் நின்றபோதுதான்.

என் தங்கை இன்வர்னஸ் நகரில் வாழ்கிறாள். முதல்முறை கோடையில் அவளிடம் சென்றபோது, மோரே கடற்கரையின் மணற்பாறைகளில் ஒரு நாள் ஏறப் பயின்றேன். பயிற்றுநர் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார். இடுப்பில் வாரைப் பூட்டிக் கயிற்றை முடிந்ததும், முடிச்சை அவர் சரிபார்த்தார். பின்னர் தம் முடிச்சை என்னைச் சரிபார்க்கச் சொன்னார். மாணவரும் ஆசிரியரைச் சரிபார்க்க வேண்டுவது அங்கே நாள்தோறும் நடக்கும் முறை. "கையால் தொங்காதீர்கள், காலால் நில்லுங்கள்" என்பதே அன்று அவர் மிகுதியும் சொன்ன சொல்.

மறுமுறை பிப்ரவரியில் சென்றபோது, அவரோடு கேர்ன்கார்ம் மலைத்தொடரில் இரண்டு நாள் இருந்தேன். கேர்ன்கார்ம் சிகரத்தின் உயரம் 1,245 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா அதனினும் இரு மடங்கு உயர்ந்தது. ஆயினும் உயரங்கண்டு எள்ளத்தக்கதன்று அம்மலை. 1986 மார்ச் 20 அன்று அதன் உச்சியில் காற்று மணிக்கு 173 மைல் வேகத்தில் வீசியதாகப் பதிவாகியுள்ளது.

முதல் நாள் முழுவதும் விழப் பழகினோம். சரிவில் வேண்டுமென்றே சறுக்கி, உடனே குப்புறத் திரும்பி, பனிக்கோடரியின் அலகை மார்பின் கீழ் வைத்து உடற்பாரத்தால் அழுத்தி நிற்றல் வேண்டும். காலணியில் பூட்டும் இரும்பு முட்களை அப்போது கழற்றி வைத்திருந்தோம். அவற்றை அணிந்து விழ நேர்ந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும். முள் பனியில் மாட்டினால் அதுவே ஆளைப் புரட்டிவிடும். நூறு முறை விழுந்து எழுந்த பின்னரே மேலே செல்ல இசைவு கிடைத்தது.

இரண்டாம் நாள், கேலிக் மொழியில் 'பனியின் பள்ளம்' என்று பொருள்படும் பெயருடைய பெருங்குடைவுக்குள் நடந்தோம். 1988 முதல் குளிர்காலந்தோறும் வெளியாகும் பனிச்சரிவு அறிவிப்பைப் பயிற்றுநர் காலையிலேயே படித்திருந்தார். இருப்பினும் சரிவின் அடியில் நின்று, பனியை வெட்டி அதன் அடுக்குகளைப் பார்த்தார். காற்று அடித்துக் கொணரும் பனி, காற்று மறைந்த பக்கத்தில் தட்டாகப் படியும். அடியிலுள்ள பழம்பனியோடு அது ஒட்டவில்லையாயின், ஒருவர் கால்பட்டாலும் முழுச்சரிவும் பெயர்ந்து ஓடலாம். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வே இதற்குப் பெரிதும் இடந்தருவது. அவர் கையால் இழுத்தபோது, ஒரு சாண் தடிப்புள்ள மேல்தட்டு அப்படியே கழன்று வந்தது. "திரும்புகிறோம்" என்றார்.

வெயில் தெளிவாக அடித்தது. உச்சி கண்ணெதிரே நின்றது. எங்களைக் கடந்து வேறொரு குழு அவ்வழியே மேலேறி, மாலையில் நலமாக இறங்கியும் வந்தது. எனக்கு மனத்தாங்கல். "அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே" என்றேன். அவர் சினக்கவில்லை. "பிழைத்து வந்ததால் அவர்கள் வழி சரியென்று ஆகாது. தவறிப் போகிறவரையும் மலை பல முறை சும்மா விட்டுவிடும், அதனால் அவர் தவறானதைச் சரியென்று கற்றுக்கொள்வார்" என்றார்.

இவ்வறிவின் பின்னே துயரமும் உண்டு. 1971 நவம்பரில் இதே மலைத்தொடரின் மேட்டுநிலத்தில், எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிக்குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. ஒதுங்க எண்ணிய சிறு குடிலை அடைய இயலாமல் இரண்டு இரவுகள் வெட்டவெளியில் கிடந்தது. ஐந்து மாணவரும் உதவிக்கு வந்த இளவயதுப் பயிற்சியாளர் ஒருவரும் இறந்தனர். ஒரு மாணவரும் குழுத்தலைவியும் உயிர்தப்பினர். அதன்பின், சிறாரை மலைக்கு அழைத்துச் செல்வோர்க்கான தகுதி பற்றிய நெறிகள் இறுகின. ஒதுங்கிடம் உண்டு என்னும் நம்பிக்கையே மனிதரை இடருக்குள் இழுக்கும் எனக் கருதி, மேட்டுநிலக் குடில்களையும் பின்னர் அகற்றினர்.

பெருமக்களே, அன்று இறங்கி வரும்போது என் நினைவில் நின்றவர் என் ஆய்வு மாணவி ஒருவர். முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்துவோரை நாம் 'நெறியாளர்' என்கிறோம். நெறி என்பது வழி. மூன்றாம் ஆண்டில் அம்மாணவி என்னிடம் வந்து, "இத்தலைப்பு எனக்கு ஒத்துவரவில்லை அம்மா, மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நான் மறுத்தேன். நானும் அப்படித்தான் வருந்தி முடித்தேன், நீயும் முடிப்பாய் என்றேன். அடுத்த ஆண்டு அவர் ஆய்வையே விட்டுவிட்டார்.

நான் பிழைத்து வந்தவள். அதனால் என் வழி சரியென்று எண்ணினேன். அவர் காலடியில் இருந்த பனியை ஒரு முறையேனும் வெட்டிப் பார்த்தேனில்லை.

ஊர் திரும்பியதும் அவரை அழைத்துப் பேசினேன். வேறு பணியில் நலமாக இருக்கிறார். "உங்கள்மேல் வருத்தமில்லை அம்மா. அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இவ்வட்டத்துக்கு ஆண்டுதோறும் இளங்கவிஞர் வருகின்றனர். முதற்கவிதையைக் கையில் ஏந்தி நிற்கும் அவர்களுக்கு, மூத்தோராகிய நாம் அரங்கேற்றத்தையும் பரிசையுமே காட்டுகிறோம். நாம் வழுக்கிய பாறையையும், திரும்பியிருக்க வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சொல்வோமாக. அவர்கள் முடிச்சைப் பார்க்கும் நாம், நம் முடிச்சையும் அவர்கள் பார்க்க இடந்தருவோமாக. மலைபடுகடாத்துக் கூத்தன் செய்த பணி அதுவே.