பூட்டும் பொறுப்பும்



சங்கரன்கோவிலில் தலைமையாசிரியனாயிருந்தபோது, பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுகளைக் காக்கும் பொறுப்பு எனக்கு உண்டு. கட்டைப் பிரிக்குமுன் உறைமேலுள்ள பாடத்தையும் தேதியையும் இருவர் பார்த்துக் கையொப்பமிடவேண்டும். ஓராண்டு, பாராமலே கையொப்பமிட்டுவிட்டோம். மறுநாளைய கட்டின்மேல் கத்தரிக்கோலை வைத்தபோது ஊழியர் ஒருவர் பதறித் தடுத்தார். கையொப்பம் இருந்தது, கண் இல்லை.

2007 ஆகஸ்டு மாத இறுதியில் அமெரிக்க விமானப்படையில் நேர்ந்ததும் இதுவே. மைனாட் தளத்திலிருந்து பார்க்ஸ்டேல் தளத்துக்கு, வட டக்கோட்டாவிலிருந்து லூசியானா வரை, பழைய ஏவுகணைகள் 12 விமானத்தில் சென்றன. அவற்றின் முனையில் மாதிரிகளே இருந்திருக்கவேண்டும். ஆறில் மெய்யான அணுகுண்டுகள் இருந்தன. புறப்படுமுன் ஒரு பக்கத்து இறக்கையின் கீழிருந்தவற்றை மட்டுமே பார்த்தார்களாம்! ஏறத்தாழ 36 மணி நேரம், அக்குண்டுகள் இடம் மாறியதே பொறுப்பாளர் எவருக்கும் தெரியவில்லை. தைவானுக்கு ஹெலிகாப்டர் பேட்டரிகளுக்குப் பதிலாக அணு ஏவுகணை உதிரிகள் அனுப்பப்பட்ட பிழையும் பின்னர் வெளிப்பட்டது. 2008 ஜூனில் விமானப்படைச் செயலரும் தலைமைத் தளபதியுமே பதவி விலக நேர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2003இல் அறிவித்த கொள்கைப்படி, அணு ஆயுதத்தை நாம் முதலில் பிரயோகிப்பதில்லை. பதிலடிக்கு உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கே உரியது. தலைமையிடத்துப் பூட்டு நல்ல பூட்டுதான். ஆயினும் 2022 மார்ச்சு 9ஆம் நாள், பராமரிப்பு வேளையில் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிகுண்டு பொருத்தப்படவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் ராடார்த் திரையில் அதைக் கண்டவருக்கு முனையில் இருப்பது எதுவென்று எப்படித் தெரியும்?

அணு ஆயுத விபத்து நேர்ந்தால் ஒருவருக்கொருவர் உடனே தெரிவிப்பதென்று இரு நாடுகளும் 2007 பிப்ரவரி 21இல் ஒப்பந்தம் செய்திருந்தன. இது அணு ஆயுதமன்று என்று வாதிடலாம். நம் அரசின் பகிரங்க அறிவிப்பு 11ஆம் தேதிதான் வந்தது. ஏவுகணை பறந்த சில நிமிடங்களைவிட அந்த இரண்டு நாட்களே என்னை அதிகம் கலங்கச் செய்கின்றன.

இயந்திரக் கோளாறு என்பது முதற் சொல். விதிமுறை மீறப்பட்டதென்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஆகஸ்டு 23இல் அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அது முறையே. ஆனால் அறிக்கை முழுமையாக வெளிவரவில்லை. விதியை மீறியது மட்டுமே குற்றமா, விதியிலேயே ஓட்டை இருந்ததா? பயிற்சி பெறும் இளம் அதிகாரிகளுக்காவது அது படிக்கக் கிடைத்திருக்குமென்று நம்புகிறேன்.