தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு

(வானொலி உரை)



போன ஆடி மாசம் உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் வயசானவர். "தம்பி, நேத்து ராத்திரி அடிச்ச காத்துல ஒரு மரம் கொண்டை சாஞ்சு கிடக்கு, வந்து பாருங்க" என்று கூட்டிப் போனார். பன்னிரண்டு வருஷத்து மரம். நல்ல காய்ப்பு. நம்ம பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் காற்றுதான் முறித்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். கொண்டையைப் பிளந்து பார்த்தோம். உள்ளே மென்று துப்பிய சக்கையும், புளித்த நாற்றமும், கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழுக்களும்தான் இருந்தன. எண்ணினோம், 43 புழு. பெரியவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "மேலே பச்சையாத்தானே தம்பி இருந்துச்சு" என்றார்.

அதுதான் இந்தப் பூச்சியின் சூழ்ச்சி. சிவப்புக் கூன்வண்டு வெளியே இருந்து தின்பதில்லை. வண்டு பார்க்கச் செம்பழுப்பு நிறமாக, ஒன்றரை அங்குல நீளத்தில், யானைத் துதிக்கை போல் வளைந்த மூக்கோடு இருக்கும். ஆண் வண்டுக்கு அந்த மூக்கின் மேல் சிறு மயிர்க்கற்றை உண்டு. பெண் வண்டு மரத்தில் காயம் பட்ட இடமாகப் பார்த்து முட்டை வைக்கும். ஒரு வண்டு தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேல் வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்த புழு, கால் இல்லாவிட்டாலும், தண்டுக்குள் குடைந்து போய்விடும். பிறகு நார்களைச் சுற்றிக் கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். இதெல்லாம் நடக்க மூன்று நான்கு மாதம் ஆகும். அத்தனையும் மரத்துக்கு உள்ளேயே நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 5 வயசிலிருந்து 20 வயசு வரைக்குமான மரங்களைத்தான் அதிகம் பிடிக்கும். அதாவது நாம் தண்ணீர் விட்டு, உரம் வைத்து, இனிமேல் பலன் எடுக்கலாம் என்று காத்திருக்கிற மரங்களை.

இது நம்ம ஊர்ப் பூச்சி. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும்தான் இதன் பூர்வீகம். இதற்கு அறிவியல் பெயர் வைத்தது 1790-ல். ஆனால் 1980-களில், வளர்த்து விற்கிற பனைவகைக் கன்றுகளோடு சேர்ந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் இறங்கியது. அங்கே பேரீச்சை மரங்களில் புகுந்தது. 1990-களில் எகிப்து, ஸ்பெயின் என்று பரவியது. இதைப் பற்றிப் பேச 2017-ல் ரோமாபுரியில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு பல நாட்டாரையும் கூட்டியது. நம்ம வீட்டுத் திருடன் வெளிநாடு போய்ப் பெரிய கொள்ளைக்காரன் ஆன கதை! அமெரிக்காவிலும் இது போல் நடந்தது. ஆசியாவிலிருந்து போன ஒரு பச்சை வண்டை 2002-ல் மிச்சிகன் மாகாணத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அது ஆஷ் என்கிற மரங்களின் பட்டைக்கு அடியில் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அங்கேயும் வெளியே தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

சரி, நாம் எப்படித் தெரிந்து கொள்வது?

தண்டில் சிறு ஓட்டைகளும், அதிலிருந்து செம்பழுப்பாகப் பிசின் மாதிரி வடிவதும் முதல் அடையாளம். ஓட்டையில் மென்ற நார் தள்ளிக்கொண்டு நிற்கும். மட்டை அடியில் கூட்டின் நார்த்துண்டு கிடக்கும். உள்வட்டத்து மட்டைகள் மஞ்சளாகும். சத்தமில்லாத நேரத்தில் தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். கறுக் கறுக் என்று மெல்லுகிற சத்தம் கேட்கும். வேடிக்கையாக நினைக்க வேண்டாம், பழைய தென்னை விவசாயிகள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மாசம் ஒரு தடவை தோப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தால் போதும்.

வண்டுக்கு வாசல் திறந்து விடுகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். காய் வெட்டுகிறவர் ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் கொத்துப் போடுகிறார். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டுகிறோம். டிராக்டர் உழும்போது அடித்தண்டில் உரசுகிறது. இந்தக் காயத்திலிருந்து வருகிற வாசனைக்குத்தான் வண்டு வருகிறது. பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமென்றால், நாலடி அடிமட்டையை விட்டு வெட்டுங்கள். புழு பொரித்தாலும் தண்டு வரை வந்து சேராது. காற்றில் கிழிந்த மட்டையையும் கவனியுங்கள்.

காண்டாமிருக வண்டையும் விடக்கூடாது. அது குருத்தைக் குடைந்து போட்ட ஓட்டைதான் கூன்வண்டுக்கு நடைபாதை. அது எருக்குழியில் பெருகும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போட்டு வந்தால் அந்த வண்டு குறையும்.

இனி இனக்கவர்ச்சிப் பொறி பற்றி. இதில் என் அனுபவத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண் கூன்வண்டு வெளிவிடுகிற வாசனைக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும். அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து சிறு பொட்டலமாக விற்கிறார்கள். மூடி போட்ட வாளியில் நாலு பக்கமும் ஓட்டை போட்டு, வெளிப்புறம் சாக்கைச் சுற்றி, பொட்டலத்தை மூடிக்கு அடியில் தொங்கவிட வேண்டும். வாளிக்குள் தண்ணீரும், கரும்புத் துண்டோ கனிந்த வாழைப்பழமோ போட வேண்டும். ஐந்து ஏக்கருக்கு ஒன்று போதும். நான் முதல் தடவை வைத்தபோது, பார்க்க வசதியாக இருக்கட்டுமே என்று இளமரத்திலேயே கட்டிவிட்டேன். பதினைந்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் வற்றி, பழம் காய்ந்து, வாசனை மட்டும் இருந்திருக்கிறது. வந்த வண்டெல்லாம் வாளியை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்தில் இறங்கிவிட்டது. இரண்டு மரம் போச்சு. பொறி மேல் தப்பில்லை, வைத்தவன் மேல்தான். ஆகவே காய்ப்பு மரங்களை விட்டுத் தள்ளி, ஒரு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீரும் தீனியும் மாற்றுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் பொறியே வைக்காதீர்கள்.

மரத்தில் புழு இருப்பது தெரிந்துவிட்டால்? முன்பு சொல்லிக்கொண்டிருந்த கார்பரில் மருந்து 2018-ல் தடை செய்யப்பட்டது. வேர் வழியாகக் கட்டச் சொன்ன மானோகுரோட்டோபாஸ் மருந்தையும் நிறுத்தச் சொல்லி 2023-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தாலும் எடுக்காதீர்கள். இப்போது இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றுமுன் இளநீரையும் நெற்றையும் இறக்கிவிடுங்கள். கீழே உள்ள ஓட்டைகளை எல்லாம் களிமண்ணால் அடைத்து, மேல் ஓட்டை வழியாகப் புனல் வைத்து ஊற்றி, அதையும் அடையுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதுச் சக்கை தள்ளினால் இன்னொரு தடவை. கையுறை போட மறக்க வேண்டாம். எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்பதை உங்கள் வேளாண்மை அலுவலரிடமோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கோம்பைப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். கொண்டை சாய்ந்த மரத்துக்கு மருந்து கிடையாது. "வெட்டி வாய்க்கால் கரையில போட்டுடறேன், விறகுக்கு ஆகும்" என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டைக்குள் இருக்கும் கூடுகள் அடுத்த மாசம் வண்டாகி, அவர் தோப்புக்கும் போகும், பக்கத்துத் தோப்புக்கும் பறக்கும். பக்கத்துக்காரரோ அவருக்கு மச்சினன் முறை. வரப்புத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அன்றைக்கு அவர்தான் கோடாலி எடுத்துக்கொண்டு வந்தார். மரத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் கிழித்து, தீ வைத்தோம். கிழிக்கக் கிழிக்கக் கூடு வந்துகொண்டே இருந்தது. பச்சைக் கட்டை, சீக்கிரம் பிடிக்கவில்லை. காய்ந்த பாளையும் பன்னாடையும் அடியில் அடுக்க வேண்டியிருந்தது. எரிந்து முடிய மறுநாள் மத்தியானம் ஆனது. பிறகு மச்சினனும் பெரியவருமாக இரண்டு தோப்பு மரங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மச்சினன் தோப்பில் மூன்று மரத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. மூன்றுக்கும் அன்றைக்கே மருந்து ஊற்றினோம். கார்த்திகையில் போய்ப் பார்த்தேன், இரண்டு பிழைத்திருந்தது.