போனை உடைக்க வேணாம், புகார் கொடுப்போம்
(ஆத்தூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாம கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போயிடுறோம். வீட்டில் பிள்ளை கையில் போன் இருக்கு. முகம் தெரியாத ஒருத்தன் அன்பாகப் பேசிப் பழகுறான், படம் கேட்டு வாங்குறான், பிறகு மிரட்டுறான். விஷயம் தெரிஞ்சதும் நாம என்ன செய்றோம்? பிள்ளையை அடிக்கிறோம். "மானம் போயிடும்"னு போனை உடைக்கிறோம். சகோதரிகளே, பாஸ்புத்தகத்தைக் கிழிச்சிட்டா சேமிப்பை எதை வைத்து நிரூபிப்போம்? இந்தக் குற்றத்துக்கு அந்தப் போன்தான் சாட்சி.

சென்னை அம்பத்தூரில் 2020-ல் ஒரு வழக்கு பதிவானது. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் ஒருவர் போனில் இருந்தன. இணையம் வழியாக வந்த தகவலை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவிக்க, மகளிர் போலீசார் நடவடிக்கை எடுத்தார்கள். தனியாகப் பார்த்தது குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குழந்தைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் விடவில்லை, மேல்முறையீடு செய்தன. 2024 செப்டம்பர் 23-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. இதை வெறும் 'ஆபாசப் படம்' என்று சொல்லக் கூடாது, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்றும் சொன்னது.

"ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய முடியுமா?" என்று பயப்படுறோம். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் பிள்ளைக்குப் பாதுகாப்பு தருது. பிள்ளையிடம் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். விசாரிக்கிற போலீசார் சீருடையில் வரக் கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும். பெயரோ படமோ பத்திரிகையில் வரக் கூடாது. தெரிந்தும் மறைத்தால்தான் குற்றம்.

பிள்ளை காணாமல் போனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திருக்க வேணாம். கடத்தல் என்றே கருதி உடனே வழக்குப் பதியணும் என்று 2013 மே மாதமே உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது:

* பிள்ளையைத் திட்டாமல், முழுசாகக் கேட்போம்.
* படத்தை யாருக்கும், குழுத் தலைவிக்கும்கூட, அனுப்ப மாட்டோம்.
* மிரட்டல் வந்த எண்ணையும் தேதியையும் எழுதி வைப்போம்.
* அன்றைக்கே போனோடு மகளிர் காவல் நிலையம் போவோம். அல்லது 1098-க்குப் பேசுவோம்.

தனியாகப் போக ஒரு தாய் தயங்கினால், குழுவில் இரண்டு பேர் கூடப் போவோம். இதை இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். தப்பு செய்தவன்தான் தலைகுனியணும், நம்ம பிள்ளை இல்லை.