பூனையின் தீராக் கழிச்சல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கறவை மாட்டையும் உழவு மாட்டையும் விட்டுப் பூனையைப் பற்றிப் பேச வந்தேனென்று சிலர் நகைக்கக்கூடும். நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலியை அடக்குவதும், நம் குழந்தைகள் மடியிலிட்டுக் கொஞ்சுவதும் அப்பிராணியே. அதன் வயிறு கெட்டால் நஷ்டம் அதனோடு நிற்பதில்லை.

ஒரு வேளை கழிந்து மறுநாள் தெளியுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. 3 வாரத்துக்கு மேல் விட்டுவிட்டேனும் கழியுமாயின் அது நீடித்த நோயாகும். அதற்குரிய காரணத்தைக் காணாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது, கணக்கைப் பாராமல் கடன்மேல் கடன் வாங்குவதை ஒக்கும்.

முதலாவது காரணம் பால். பூனைக்குப் பால் வார்ப்பது நம் வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாவதில்லை; அது குடலில் புளித்துக் கழிச்சலை உண்டாக்கும். ஆகவே 10 நாள் பாலை நிறுத்திச் சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்துப் பாருங்கள். கழிச்சல் நின்றால் காரணம் தெரிந்தது, செலவும் இல்லை.

இரண்டாவது புழு. குட்டிகளுக்கு நாக்குப்பூச்சி தாயின் பால் வழியாகவே வந்துவிடும். எலியைத் தின்பதாலும், தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதாலும் நாடாப்புழு உண்டாகும். அதன் துணுக்குகள் ஆசனவாயருகே அரிசி போல் ஒட்டியிருக்கும். புழு மருந்தைப் பூனையின் எடைக்குத் தக்கபடி வைத்தியர் சொல்லக் கொடுக்க வேண்டும். நாக்குப்பூச்சிக்கு ஒரு முறை போதாது. 2 வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தல் அவசியம். தெள்ளை ஒழிக்காவிடில் நாடாப்புழு திரும்பவும் வரும்.

மூன்றாவது உணவு. பூனை மாமிச பக்ஷணி. மோர்ச் சோறு மட்டும் உண்டு அது திடமாக வாழாது. கழிச்சலுள்ளபோது உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது சிறிதாகச் சில நாள் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் அதற்கு விஷம். புது உணவை ஒரு வாரத்தில் படிப்படியாகப் பழக்குக.

நமக்கு எழுதிய மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பது பெருந்தீங்கு. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கிவிடும். நாய்க்குரிய தெள்ளு மருந்துகளிலும் சில பூனைக்கு நஞ்சாகும்.

மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாமை, பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படியாமை, இவற்றுள் ஒன்று காணினும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. குட்டியாயின் கழிச்சல் கண்ட அன்றே செல்க. வயதான பூனை நன்றாய்த் தின்றும் இளைத்து வருமாயின், குடலிலோ கழுத்துச் சுரப்பியிலோ வேறு நோய் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வேண்டும்.

செல்லும்போது இரண்டைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று, அன்று கழிந்த மலம் சிறிது, மூடிய புட்டியில். ஒரு பரிசோதனையில் புழு முட்டை தென்படாமற் போவதுமுண்டு. ஆகையால் வெவ்வேறு நாள் மலத்தையும் கேட்பார்கள். மற்றொன்று, ஒரு குறிப்பு. என்ன தின்றது, எத்தனை தரம் கழிந்தது, வாந்தி உண்டா, என்ன மருந்து கொடுத்தோம் என்று தேதிவாரியாக எழுதுக. சங்கத்தில் நாள்வழிப் புத்தகம் எழுதத் தெரிந்த உங்களுக்கு இது பிரயாசையன்று. வாயில்லாப் பிராணிக்கு அக்குறிப்பே வாக்குமூலம்.

கடைசியாக, குழந்தைகளின் விஷயம். பூனையின் நாக்குப்பூச்சி முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குள்ளும் செல்லும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளி ஆழப் புதைத்துக் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. கர்ப்பிணிகள் அவ்வேலையைச் செய்தலாகாது.

எளிய பிராணியென்று அலட்சியம் செய்யாமல், காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்வீர்களென நம்புகிறேன்.