ஏரிக்கரையில் உயிர்களின் உறவு

தென்னேரியில் நீர் வற்றும் காலத்தில் மாடுகள் மேய்கின்றன. அவற்றின் காலடியிலிருந்து எழும் வெட்டுக்கிளிகளை உண்ணிக்கொக்கு பிடித்துண்கிறது. கொக்குக்கு ஆதாயம், மாட்டுக்கோ பெரிதாக நன்மையுமில்லை, தீமையுமில்லை. வெட்டுக்கிளியின் கணக்கு வேறு.

கொல்லாமை போற்றுவோரைச் சிந்திக்க வைக்கும் உறவொன்று தெற்கே வேடந்தாங்கலில் உண்டு. அவ்வேரியின் கடம்ப மரங்களில் கூடுகட்டும் நீர்க்காகமும் நத்தைக்குத்தி நாரையும் சுற்றுவட்டார நீர்நிலைகளில் மீனும் நத்தையும் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கொன்றுண்ணலே அது, மறுப்பதற்கில்லை. ஆயின் அவற்றின் எச்சம் ஏரிநீரில் கலந்து, மதகின் வழியே வயலுக்குப் பாய்ந்து, நெல்லுக்கு உரமாகிறது.

அவ்வூர் உழவர் இதனை நூலில் கற்றாரல்லர்; விளைச்சலில் கண்டனர். ஆங்கிலேயப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்து வடிவில் பெற்றனர். அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்ததோ 1936இல்தான்.

மகாவீரர் முத்தியடைந்த தீபாவளி நாளில் இன்றும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. பறவைகள் வந்து கூடுகட்டத் தொடங்கும் பருவம் அது.