ஆலோசனை கேட்கக் காசு வேண்டாம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறுவை என்றால் எங்கே போவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் தலைவரிடம் சொல்வோம். அவர் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுபோவார். ஆனால் இன்று லயத்துக்குள் வந்திருக்கும் பல பிரச்சினைகளைத் துரையோடு பேசித் தீர்க்க முடியாது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் வசூல்காரர். பெயர் விடுபட்டுப்போன அஸ்வெசும பட்டியல். பிள்ளைகளுக்குச் செலவுக்குக் கொடுக்காத கணவர். இவற்றுக்கு யாரிடம் போவது?

இலவசமாக ஆலோசனை தரும் இடங்கள் இருக்கின்றன. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு பல நகரங்களில் காரியாலயம் வைத்திருக்கிறது. அங்கே ஆலோசனை இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கில் தோன்றச் சட்டத்தரணியையும் ஏற்படுத்தித் தரும். தாபரிப்பு வழக்குக்குப் பணமில்லை என்று எந்தத் தாயும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். தொண்டு நிறுவனங்களும் உண்டு. வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்காக 1987 முதல் இயங்கும் 'விமன் இன் நீட்' அவற்றில் ஒன்று. அரசாங்கத்தின் மகளிர் உதவி இலக்கம் 1938.

இப்போது கடனைப் பற்றிச் சொல்கிறேன். ஆலோசனை சொல்பவர் உங்கள் கடனைக் கட்டமாட்டார். அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். தவணையைக் குறைத்துத் தரும்படி கம்பனிக்குக் கடிதம் எழுத உதவுவார். வசூல்காரர் நீதிபதி அல்ல. நுண்கடனுக்காக வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு அதிகாரமில்லை; அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியின் கதை வேறு. அதனால்தான் தாளை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறேன். கடன் வாங்குமுன் காட்டினால் இன்னும் நல்லது. குழுவில் இன்னொருவருக்குப் பிணை நின்றால் அவருடைய கடன் உங்கள் தலையில் விழலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அஸ்வெசும கிடைக்கவில்லையா? மேன்முறையீடு செய்ய இடமுண்டு. அதற்குத் திகதி குறிப்பார்கள். அது தவறினால் காத்திருக்க வேண்டி வரும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 1987ஆம் ஆண்டு முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

ஓய்வு பெற்றவர்களே, சேவைக்காலப் பணத்தை யாரும் பிச்சையாகத் தருவதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து ஆண்டு சேவையைப் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேரும். இருபது வருடம் உழைத்தவருக்கு 280 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். அதற்கும் காசு இல்லை.

போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கடன் புத்தகம், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கொடுப்பது பிரதியாக இருக்கட்டும். மூலப்பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பேசியவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையாகத் தொண்டு செய்பவர் ஆலோசனைக்குக் காசு கேட்கமாட்டார். சங்கத்தை விடு, மதம் மாறு என்றும் சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சங்கம் இருக்கும்போது வெளியாரிடம் ஏன் போகவேண்டும் என்று சிலர் கேட்கலாம். காய்ச்சலுக்கு டொக்டரிடம் போவதால் சங்கம் சிறுத்துவிடாது. தனியாகப் போகப் பயமென்றால் தலைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலைவிகளே, கூப்பிட்டால் மறுக்காதீர்கள். கடன்பட்டதை வெட்கம் என்று மறைப்பதால்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வருகிறது. இரண்டாவது கடன் வாங்குமுன் வாயைத் திறந்து கேளுங்கள்.